உங்களுக்குத் தெரியுமா? பழசைத் தோண்டுகிறவர்களின் படு சுவாரசியக் கதைகள்!

தொல்லியல், மானிடவியல், கல்வெட்டியல்... "இதெல்லாம் படிச்சா சோறு போடுமா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவரா நீங்கள்? முதலில் இந்தப் பக்கத்தைப் படித்து முடியுங்கள். அப்புறம் பேசுவோம்!

எங்கிருந்தோ வந்தவர்கள்

அசோகர் காலத்துப் பிராமி எழுத்தை 1837-இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் பேராசிரியர் அல்ல. கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் தரம் பார்க்கும் அதிகாரி! சாஞ்சித் தூண்களில் குட்டிக் குட்டி வரிகள் எல்லாம் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். "கோயிலில் இப்படி எழுதினால் அது 'தானம்' என்றுதானே இருக்கும்?" என்று ஊகித்தார். பூட்டு திறந்துவிட்டது! அப்போது அவருக்கு வயது 40கூட ஆகவில்லை.

ஜார்ஜ் ஸ்மித் 14 வயதில் பள்ளியை விட்டவர். பண நோட்டுக்கு அச்சுத் தகடு செதுக்கும் தொழில் பழகியவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடுவார். 1872-இல் அங்கிருந்த ஒரு களிமண் பலகையில் பைபிளில் வருவது போன்ற பெருவெள்ளக் கதையைப் படித்துவிட்டார். ஆனந்தத்தில் அறையைச் சுற்றி ஓடி, உடைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாராம்!

கதை அதோடு நிற்கவில்லை. பலகையில் ஒரு துண்டு குறைந்தது. லண்டன் நாளிதழ் ஒன்று 1,000 கினி கொடுத்து அவரை ஈராக்குக்கு அனுப்பியது. நினிவேயில் மலைபோல் கிடந்த மண்ணில் ஒரு சில்லைத் தேட வேண்டும். நடக்கிற காரியமா? தோண்ட ஆரம்பித்த சில நாட்களிலேயே அந்த வெள்ளக் கதையின் விடுபட்ட பகுதி கையில் கிடைத்தது!

கிரேக்கத் தீவுகளின் 'லீனியர் பி' எழுத்தை உலக அறிஞர்கள் அரை நூற்றாண்டாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை 1952-இல் படித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ். வீட்டு வரைபடம் போடும் கட்டடக் கலைஞர்! 14 வயதில் ஒரு சொற்பொழிவில் இந்தப் புதிரைக் கேள்விப்பட்டார். விடை சொன்னபோது வயது 29!

அவருக்கு முன்பே பாதி வழி போட்டுவைத்தவர் அமெரிக்கப் பேராசிரியை ஆலிஸ் கோபர். போர்க்காலக் காகிதப் பஞ்சம் வேறு. பழைய வாழ்த்து அட்டை, சர்ச் துண்டறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிக் குறிப்பெழுதினார். சேமித்து வைத்தது காலி சிகரெட் அட்டைப்பெட்டிகளில். மொத்தம் சுமார் 1,80,000 சீட்டுகள்! விடை வெளியாக இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது, 43 வயதில் போய்விட்டார்.

துட்டன்காமூன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் கல்லூரிப் பக்கமே போகாதவர். 17 வயதில் படம் வரையும் வேலைக்காக எகிப்துக்குக் கப்பலேறினார். 1922-இல் அந்தக் கதவு கிடைத்தது. உள்ளே இருந்த 5,000-க்கும் மேற்பட்ட பொருள்களை வெளியே எடுத்து முடிக்க 10 ஆண்டுகள்!

அந்தக் கல்லறையில் கிடைத்த இரும்புக் குத்துவாள் எதில் செய்தது தெரியுமா? விண்கல்லில்! 2016-இல் எக்ஸ் கதிர் வைத்து உறுதி செய்தார்கள்.

அமெரிக்க மானிடவியலின் தந்தை ஃபிரான்ஸ் போவாஸ் டாக்டர் பட்டம் வாங்கியது எதற்கு? தண்ணீரின் நிறத்தை ஆராய்ந்ததற்கு!

நம்மவர் ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சிந்துவெளி எழுத்துகளுக்கு 1977-இல் தொகுப்பகராதி போட்டார். இடையில் 'தினமணி' ஆசிரியராக நாற்காலியில் அமர்ந்தார். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலை 2003-இல் வெளியிட்டபோது வயது 70-ஐத் தாண்டியிருந்தது!

டொரோத்தி கேரோட் 1939-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். தொல்லியல் துறையில். இதில் வேடிக்கை என்ன? அதே பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948-இல்தான்! மாணவிக்குப் பட்டம் கிடையாது, பேராசிரியைக்குப் பதவி உண்டு!

மாயா நாகரிக எழுத்துகளைப் படிக்கும் டேவிட் ஸ்டூவர்ட்டுக்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற மெக்ஆர்தர் நிதிநல்கை 1984-இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது வெறும் 18!

அதே மாயா எழுத்துக்கு வழி காட்டிய ரஷ்யர் யூரி நோரசோவ் தன் பூனையைக் கட்டுரையின் இணை ஆசிரியராகப் போடச் சொல்லி அடம்பிடித்தவர். பதிப்பாசிரியர்கள் பூனையை வெட்டிவிட்டு இவர் படத்தை மட்டும் போட்டால் கோபம் பொத்துக்கொண்டு வருமாம்!

வேலையா இது!

கையில் இருப்பது கல்லா, எலும்பா? சந்தேகம் வந்தால் தொல்லியலார் பலர் செய்யும் காரியம்: நாக்கால் தொட்டுப் பார்ப்பது! பழைய எலும்பில் நுண்துளைகள் உண்டு. நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கல் ஒட்டாது!

அகழாய்வுக் குழியில் கடப்பாரைக்குப் பெரிய வேலை இல்லை. கொத்தனார் பூசுகிற கரணைதான் முக்கிய ஆயுதம். அடுத்தது பெயின்ட் பிரஷ். சென்டிமீட்டர் கணக்கில் மண்ணைச் சுரண்டி, மனிதக் கை படாத கன்னி மண் வரும்வரை இறங்க வேண்டும்!

கிடைத்த ஒவ்வொரு பானை ஓட்டையும் கழுவி, நிழலில் காய வைத்து, மேலே பொடி எழுத்தில் ஊர், ஆண்டு, குழி எண், ஆழம் எல்லாம் மையால் எழுதுவார்கள். ஒரு குழியிலேயே ஆயிரக்கணக்கில் ஓடுகள் வரும். ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்!

3,000 வருடத்துக்கு முன் என்ன சாப்பிட்டார்கள்? மண்ணை அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மண் அடியில் தங்கும். கருகிய நெல், தினை, பயறு மேலே மிதந்து வரும். வலையால் அரித்து எடுத்தால் அந்தக் கால மெனு தயார்!

கல்வெட்டைப் படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை தோய்ந்த பந்தால் ஒற்றுவார்கள். பள்ளத்துக்குள் போன தாளில் மை படாது. உரித்தால், கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று வெள்ளை எழுத்து! கல்லை அசைக்காமலே கல்வெட்டு அலுவலகத்துக்கு வந்துவிடும்!

2013-இல் ஃபேஸ்புக்கில் ஒரு விநோத 'ஆட்கள் தேவை' விளம்பரம். ஒல்லியாக இருக்க வேண்டும், குகைக்குள் ஊர்ந்த அனுபவம் வேண்டும், தொல்மானிடவியல் படித்திருக்க வேண்டும்! தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் வழி சில இடங்களில் 18 சென்டிமீட்டர்தான். தேர்வானவர்கள் 6 பேர். ஆறு பேரும் பெண்கள்! வெளியே வந்தவை 1,500-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள். 'ஹோமோ நலேடி' என்ற புது மனித இனம்!

துப்பறியும் கதை ராணி அகதா கிறிஸ்டியின் கணவர் மாக்ஸ் மல்லோவன் தொல்லியலார். ஈராக்கின் நிம்ரூத்தில் கிணற்றுச் சேற்றிலிருந்து தந்தச் சிற்பங்கள் வந்தபோது அம்மையார் சும்மா இருக்கவில்லை. மெல்லிய பின்னல் ஊசியால் இடுக்குகளில் இருந்த அழுக்கை நெம்பினார். தன் முகத்துக்குப் பூசும் கிரீமைத் தடவியே தந்தத்தைத் துடைத்தார். இரண்டே வாரத்தில் முகத்துக்குப் பூச கிரீம் மிச்சமில்லை!

ஸ்வாந்தே பாபோ ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஒரு ரகசிய ஆசை. மம்மியிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியுமா? முதல் சோதனைக்குக் கடையில் கன்றுக்குட்டி ஈரல் வாங்கினார். ஆய்வக அடுப்பில் வைத்து வாட்டிச் செயற்கை மம்மி ஆக்கினார். வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரியாமல்! 2022-இல் நியாண்டர்தால் மரபணு ஆய்வுக்காக நோபல் பரிசே வந்துவிட்டது. அவர் அப்பாவும் 1982-இல் நோபல் வாங்கியவர்!

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு வங்கிக் கட்டடம் வரவிருந்த இடத்தில் 1972-இல் கிடைத்த அரிய பொருள், வைக்கிங் ஒருவரின் கெட்டிப்பட்ட மலம்! நீளம் 20 சென்டிமீட்டர். ஆள் இறைச்சியும் ரொட்டியும் தின்றவர், வயிற்றில் குடற்புழு வேறு. எல்லாம் அதிலிருந்தே தெரிந்தது. 2003-இல் கை தவறி விழுந்து மூன்று துண்டாக, அதையும் பொறுமையாக ஒட்ட வைத்தார்கள்!

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே 1973-இல் தொடங்கியது குப்பைத் தொட்டி ஆராய்ச்சி! "வாரத்துக்கு எத்தனை பீர்?" என்று வீட்டாரிடம் கேட்டார்கள். அப்புறம் அந்தப் பகுதிக் குப்பையைக் கொட்டி எண்ணினார்கள். வாய் சொன்ன கணக்கைவிட காலி டின்கள் அதிகம்!

நகரக் குப்பை மேட்டையும் தோண்டினார்கள். மக்கிப்போயிருக்கும் என்று நினைத்த பல வருடத்துப் பழைய செய்தித்தாள்களை உட்கார்ந்து வாசிக்க முடிந்தது!

டென்னசி பல்கலைக்கழகத்தில் 1981 முதல் ஒரு தோட்டம் இருக்கிறது. செடி கொடி பார்க்கப் போகாதீர்கள். தானமாக வந்த சடலங்கள் வெயிலில், மண்ணில், நிழலில் எப்படிச் சிதைகின்றன என்று தடயவியல் மானிடவியலார் குறிப்பெடுக்கும் இடம் அது!

ஆதி மனிதன் கல் ஆயுதம் செய்தது எவ்வளவு கஷ்டம்? 1990-இல் நிக்கோலஸ் டோத் என்ற தொல்லியலார் கான்சி என்ற போனபோ குரங்குக்குப் பாடம் எடுத்துப் பார்த்தார். கான்சி கல்லைக் கல்லால் தட்டிச் சில்லு பெயர்க்கக் கற்றுக்கொண்டது. பிறகு கல்லை ஓங்கித் தரையில் எறிந்து உடைக்கும் குறுக்கு வழியைத் தானே கண்டுபிடித்தது!

நம்ம மண்ணில்

இந்தியாவின் பழைய கற்காலக் கோடரி ஒன்று முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இடம் எது? சென்னைப் பல்லாவரம்! 1863 மே 30 அன்று அதைக் கையில் எடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் துறை ஊழியர்!

அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கல் ஆயுதங்கள் அகப்பட்டன. சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அவற்றின் வயதைக் கணித்துச் சொன்னார்கள். 15 லட்சம் ஆண்டுகள்!

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-இல் அரசாங்கக் கல்வெட்டாளராக வந்த ஜெர்மானியர் ஹூல்ஷ் சுவரில் இருந்ததைப் படித்து முடிவு கட்டினார். ராஜராஜன்!

அதே கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. யார் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, தலைவீடா இரண்டாம் வீடா மூன்றாம் வீடா என்று கதவிலக்கம் மாதிரி வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல்! ஆயிரம் வருடத்துக்கு முந்தைய விலாசத்தை இன்றைக்கும் தெருத்தெருவாகப் படிக்கலாம்!

கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் ஒளிந்திருந்தன. 1931-இல் அதைக் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் எஸ்.கே.கோவிந்தசாமி. தொல்லியல் துறை வேதியியலார் பின்னாளில் மேல் படத்தையும் கெடுக்காமல் தனியே உரித்தெடுத்து, அடிப் படத்தையும் காப்பாற்றினார்கள். ஒரே சுவரில் இரண்டு காலம்!

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இடுகாட்டின் பரப்பு 114 ஏக்கர்! 1876-இல் அங்கே முதலில் தோண்டியவர் ஜாகோர் என்ற ஜெர்மானியர். தாழிகளில் கிடைத்தவற்றை மூட்டை கட்டி எங்கே கொண்டுபோனார்? பெர்லின்!

கீழடி அகழாய்வு தொடங்கியது 2014-இல். ஆனால் அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று 1970-களிலேயே மோப்பம் பிடித்தவர் ஓர் ஊர்ப்பள்ளி ஆசிரியர். மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருள்களைப் பத்திரப்படுத்தியவர்! இன்று அங்கே அருங்காட்சியகமே நிற்கிறது.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டது. அதாவது 5,300 ஆண்டுகளுக்கு முன்!

அரிக்கமேட்டை 1945-இல் தோண்டிய மார்ட்டிமர் வீலருக்குத் துப்பு கிடைத்தது எங்கே? சென்னை அருங்காட்சியகத்தில்! உடைந்த ரோமானிய மதுச் சாடித் துண்டைப் பார்த்ததும் பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். 1954-இல் பிரிட்டனில் இவரைத்தான் ஆண்டின் தொலைக்காட்சி நட்சத்திரமாகத் தேர்ந்தெடுத்தார்கள். நடிகர்கள் எல்லாம் பின்னால்!

கடல் தாண்டிய தமிழ்

இலங்கைக் காலியில் 1911-இல் சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்தது ஒரு கல். கழுவிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி! சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. மூவருக்கும் காணிக்கை!

நியூசிலாந்தில் 1836-ஐ ஒட்டி வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அதில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பாத்திரம் அல்ல, கப்பல் மணி! மேலே தமிழ் எழுத்து! முகையதீன் வக்குசு கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. அது அங்கே எப்படிப் போனது? இன்றுவரை மர்மம்!

தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் தட்டான் ஒருவரின் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமியில் பெயர். பெரும்பதன்! நகை செய்ய கடல் தாண்டிப் போனவர் தன் கல் தொலையாமலிருக்கப் பெயர் வெட்டியிருக்கிறார். வயது சுமார் 1,700 ஆண்டுகள்!

எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில் ஓர் இந்தியச் சாடி. உள்ளே என்ன? நம்ம ஊர் மிளகு. ஏழரைக் கிலோ! 2,000 ஆண்டுகளாகப் பூச்சி அரிக்காமல்!

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. முசிறியிலிருந்து போன 'ஹெர்மாபோலன்' கப்பலின் சரக்குக் கணக்கு. ஒரே கப்பல், ஒரே பயணம், சரக்கின் மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயங்கள்!

இத்தாலியின் பாம்பேயில் எரிமலைச் சாம்பலுக்குள்ளிருந்து 1938-இல் ஓர் இந்தியத் தந்தச் சிலை வந்தது. கி.பி. 79-க்கு முன்பே கடல் கடந்தவள்!

பத்தூர் நடராஜரை மீட்க லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வழக்காடியவர்களில் சிவபெருமானும் ஒருவர்! தமிழ்நாடு தொல்லியல் துறையின் இரா.நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துக் கடல் கடந்த நடராஜர், 1991-இல் ஊர் திரும்பினார்!

மனிதரைப் படிக்கும் மனிதர்கள்

நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906-இல் பெரிய நூல் எழுதிய ரிவர்ஸ் ஒரு மருத்துவர். முதல் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவரே!

தோடர் பாடல்களைத் தொகுத்தவர், திராவிட மொழிகளுக்குச் சொற்பிறப்பு அகராதி போட்ட இருவரில் ஒருவர், கனடாவில் பிறந்த எமனோ. வாழ்ந்தது 101 வயது!

மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களுடன் தங்கி நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன், சமஸ்கிருதம் படித்தது எங்கே? ஜெர்மனியில் போர்க் கைதியாக இருந்தபோது!

தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் வெளியிட்டது 7 தொகுதி. அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை? சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளர்!

வெளியாட்களைக் கண்டால் அம்பு விடும் சென்டினல் தீவு மக்களின் கையில் தேங்காய் கொடுத்துவிட்டு வந்த பெண் இருக்கிறார். இந்திய மானிடவியல் அளவை நிறுவனத்தின் மதுமாலா சட்டோபாத்யாய். நாள், 1991 ஜனவரி 4!

இந்தியாவில் மொத்தம் எத்தனை சமூகங்கள்? கே.எஸ்.சிங் தலைமையில் 1985-இல் தொடங்கிய 'இந்திய மக்கள்' திட்டம் நாடு முழுக்க நடந்து எண்ணியது. விடை 4,635!

பிரெஞ்சு மானிடவியல் மேதை லெவி ஸ்ட்ராஸுக்கு அவ்வப்போது வந்த கடிதங்களில் ஒரு வகை, ஜீன்ஸ் பேன்ட் ஆர்டர்! பெயர்க் குழப்பம்தான். மனிதர் கிட்டத்தட்ட 101 வயதுவரை இருந்தார்.

கென்யாவின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா மானிடவியல் மாணவர். லண்டனில் மானிடவியலார் மாலினோவ்ஸ்கியிடம் பாடம் கேட்டு, தன் சொந்த கிக்குயு மக்களைப் பற்றியே 1938-இல் புத்தகம் போட்டார்!

பராக் ஒபாமாவின் அம்மா மானிடவியலார். இந்தோனேசிய கிராமத்துக் கொல்லர்கள் பற்றி ஆய்வேடு எழுதினார். பக்கங்கள் 1,043!

பிரிட்டன் மன்னர் சார்லஸ் 1967-இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தபோது எடுத்த பாடம்? தொல்லியலும் மானிடவியலும்!

எழுத்தாளர் கர்ட் வானகட்டின் மானிடவியல் ஆய்வேட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் நிராகரித்தது. பிறகு அவர் எழுதிய ஒரு நாவலையே 1971-இல் ஆய்வேடாக ஏற்றுப் பட்டம் கொடுத்தது. அதே பல்கலைக்கழகம்தான்!

மார்கரெட் மீட் தன்னந்தனியாகச் சமோவா தீவுக்குக் கப்பலேறியபோது வயது 23. திரும்பி வந்து 1928-இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவையே பேச வைத்தது!

தடுக்கி விழுந்தால் புதையல்

ஸ்பெயினின் அல்தமிரா குகையில் அப்பா தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார். 8 வயது மகள் மரியா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். கூரை முழுக்கக் காட்டெருமை ஓவியங்கள்! ஆண்டு 1879. "மோசடி" என்று சொன்ன பெரிய நிபுணர் 1902-இல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்!

தான்சானியாவின் லேட்டோலியில் 1976-இல் தொல்லியலார் மேரி லீக்கியின் முகாமுக்கு வந்த விஞ்ஞானிகள் காய்ந்த யானைச் சாணத்தை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். அடி தப்பக் குனிந்தவர் கண்ணில் பட்டன கல்லாகிப்போன விலங்குத் தடங்கள். தொடர்ந்து தேடியபோது 1978-இல் இரண்டு காலில் நடந்த நம் மூதாதையரின் தடங்களே வந்தன. வயது 36 லட்சம் ஆண்டுகளுக்கு மேல்!

நம் ஆதி முப்பாட்டி 'லூசி' இருக்கிறாளே, அவளுக்குப் பெயர் வந்தது பீட்டில்ஸ் பாட்டிலிருந்து! 1974-இல் எலும்புக்கூடு கிடைத்த இரவில் எத்தியோப்பிய முகாமில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததாம்!

சீனாவில் 1974-இல் விவசாயிகள் கிணறு வெட்டினார்கள். வந்தது சுடுமண் தலை! அடியில் ஒரு படையே நின்றது. சுமார் 8,000 வீரர்கள் இருக்கலாம் என்று கணக்கு!

ஹரப்பாவின் செங்கற்களை வெள்ளைக்காரர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? லாகூர் - முல்தான் ரயில் பாதைக்கு ஜல்லியாக! சுமார் 160 கிலோமீட்டர் தூரத்துக்கு 4,000 வருடச் செங்கல்மேல் ரயில் ஓடியது!

துருக்கியின் கோபெக்லி தெபேயை 1960-களில் பார்த்த குழு, இடைக்கால இடுகாடாக இருக்கும் என்று நினைத்து நகர்ந்துவிட்டது. 1994-இல் கிளாஸ் ஷ்மிட் வந்து உற்றுப் பார்த்தார். உழவுத் தொழில் வேரூன்றும் முன்பே எழுப்பிய, 11,000 ஆண்டுகளுக்கும் பழைய கல்தூண்கள்!

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1485-இல் போரில் செத்தார். 2012-இல் கிடைத்தார். எங்கே? லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தில்!

ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கிடைத்த 'ஓட்ஸி' 5,300 வருடப் பழைய ஆள். உடம்பில் 61 பச்சைக் குத்துகள். தோளுக்குள் அம்பு முனை புதைந்திருப்பதைக் கண்டுபிடித்தது 2001-இல்தான். கொலை! வழக்கை அலசப் போலீஸ் துப்பறிவாளரையே அழைத்தார்கள்!

இஸ்ரேலின் மசாதாக் கோட்டையில் 1960-களில் கிடைத்த பேரீச்சங்கொட்டை அலமாரியில் தூங்கியது. 2005-இல் நட்டுப் பார்த்தார்கள். 2,000 வருடக் கொட்டை முளைத்தது!

உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் ஈராக்கின் 'ஊர்' என்ற பழைய நகரில் கிடைத்த களிமண் கடிதம். 'கேட்ட தரத்தில் செம்பு தரவில்லை, என் ஆளையும் அவமானப்படுத்தி அனுப்பினாய்' என்று இயா நாசிர் என்ற வியாபாரிமேல் ஒரே திட்டு. வயது சுமார் 3,750 ஆண்டுகள்!

அதே 'ஊர்' நகரில் லியனார்ட் வூலி தோண்டியபோது ஓர் அறையில் வெவ்வேறு காலப் பழம்பொருள்கள் அருகருகே கிடந்தன. குழம்பிப் போனார். பக்கத்தில் விளக்கச் சீட்டாக ஒரு களிமண் உருளை! அது பாபிலோனிய இளவரசி ஒருத்தி கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் நடத்திய மியூசியம்!

சேர விருப்பமா?

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் பரிசு. தமிழ்நாடு முதல்வராக மு.க.ஸ்டாலின் 2025 ஜனவரியில் அறிவித்தது. வென்ட்ரிஸ் மாதிரி யாராவது வரலாம்!

ஐ.ஏ.எஸ். தேர்வில் விருப்பப் பாடமாக மானிடவியலை எடுக்கலாம். கல்லூரியில் என்ஜினீயரிங் படித்தவர்கள்கூட அதை எடுத்து எழுதுகிறார்கள்!

கல்வெட்டும் தொல்லியலும் படிக்க வடக்கே ஓட வேண்டாம். தமிழ்நாடு தொல்லியல் துறையே சென்னையில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது!

இந்தியானா ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு 2008-இல் அமெரிக்கத் தொல்லியல் நிறுவனத்தின் ஆட்சிக் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். சாட்டை எடுத்துப் போனாரா என்று தெரியவில்லை!

அடுத்த முறை ஆய்வறிக்கையில் 'இன்றைக்கு 3,000 ஆண்டுகளுக்கு முன்' என்று ரேடியோ கார்பன் கணக்கைப் பார்த்தால் காலண்டரைப் பார்க்காதீர்கள். அந்தக் கணக்கில் 'இன்று' என்பது உலகம் முழுக்க ஒரே தேதி. 1950 ஜனவரி 1! அதற்குப் பிறகு பிறந்தவரா நீங்கள்? அந்தக் கணக்குப்படி நீங்கள் இன்னும் பிறக்கவே இல்லை!